ஆவுடைத்தங்கம் சாய்த்த ஊர்

கொக்கராங்குளம் கிழக்கே சாய்ந்தது ஓர் ஆனி மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு. பால் சொசைட்டியில் வரிசை நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். தென்காசி போகிற முதல் பஸ் கிளம்பலாமா வேண்டாமா என்று உறுமிக்கொண்டிருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. படுத்துக் கிடக்கிற எருமை ஒரு பக்கம் வலிக்கிறதென்று மறுபக்கம் புரளுமே, அப்படி ஊர் மொத்தமும் மெல்லப் புரண்டு, மேலத்தெரு ஓங்கி, கீழக்கடைசித் தெரு தாழ்ந்து, அந்த மட்டத்திலேயே நின்றுவிட்டது. பால் சொசைட்டியில் நின்ற பன்னிரண்டு பேரும் கிழக்குக் காலை விறைத்து மேற்குக் காலை மடக்கி, "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்று ஒருத்தரையொருத்தர் வைதுகொண்டு வரிசை கலையாமல் பாலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

காரணம் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். பஞ்சாயத்து ஆபீசில் பதினாலு வருசமாகத் தற்காலிக எழுத்தராக இருக்கிற ஆவுடைத்தங்கம். நாற்பத்தேழு வயது. பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, தெருவிளக்கு எரியவில்லை என்கிற மனு, எரிகிறது என்கிற மனு எல்லாமே அவள் கையெழுத்தில்தான் மேலே போகும். கணவர் கேரளத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை. பிள்ளையில்லை. வேலை என்றைக்காவது நிரந்தரமாகும் என்கிற ஒரே எண்ணத்தில், சொன்ன வேலை எதையும் மாட்டேன் என்று சொல்லாதவள்.

அப்படிச் சொல்லாததால் வந்து சேர்ந்ததுதான் கேமரா. ஒவ்வொரு ஊரும் தன்னை முழுசாகக் காட்டும் ஒரு படத்தை எடுத்து, கம்ப்யூட்டர் வழியாக மேலே அனுப்பிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு கேமராவும், ஒருநாள் பயிற்சிக்குக் கடிதமும் வந்தன. காலை வகுப்பில் கேமராவுக்கு எப்படி பேட்டரி போடுவது, எந்தப் பொத்தானை அமுக்குவது, லென்சை எதால் துடைப்பது என்று சொல்லித்தந்தார்கள். படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்கிற பாடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கொக்கராங்குளத்துக்கு இரண்டு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் எட்டு மணிக்கு. ஆவுடைத்தங்கம் சாம்பார் சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆகவே அவளுக்குப் பொத்தான் தெரியும், படம் தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் ஊருக்கு வடக்கேயிருக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பாதிக்கு மேல் ஏறி, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையால் கேமராவைத் தெற்கே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். படத்தில் ஊர் இருந்தது. குளம், கோயில், தெருக்கள் எல்லாம் இருந்தன. கிழக்கே தாழ்ந்து, மேற்கே தூக்கி, வண்டிச் சக்கரம் கழன்றது மாதிரி இருந்தன. ரேஷன் கடைக்கு மேலே ஒரு மூலையில் அவளுடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. அனுப்பினாள். "பதிவு ஏற்கப்பட்டது" என்று பச்சை எழுத்து வந்தது. விடிந்ததும் ஊர் அந்தப் படத்துக்குப் பொருத்தமாகத் தன்னைச் சரிபண்ணிக்கொண்டது.

வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்து படத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தாள். ரேஷன் கடைக்கு மேலே, வெயிலை மறைத்துக்கொண்டு, ரோஸ் நிறத்தில் ஒரு பெரிய நிழல், நகக்கணு தெரிய நின்றுகொண்டிருந்தது. கீழே வரிசையில் நின்றவர்கள், நல்லவேளை இந்த வருசமாவது பந்தல் போட்டார்களே என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் பிரமநாயகம் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, நான் எடுத்த படம் கோணலா வந்துட்டு. ஊரு அதைப் பாத்து அப்படியே ஆயிட்டு."

பிரமநாயகம் மேசை விளிம்பைப் பிடித்தபடி கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தார். ஊரில் அவருக்கு மூன்று மாடி வீடு; நாலாவது மாடிக்குக் கம்பி நீட்டி விட்டிருந்தார்.

"இதுல எங்க வீடு எங்கன இருக்கு?"

"மேலத்தெருல, இந்தா... எல்லாத்துக்கும் மேல."

"கோயில் கோபுரத்துக்கும் மேலயா?"

"ஒரு விரக்கடை மேலதான் இருக்கு, அண்ணாச்சி."

"பின்ன என்ன? இருக்கட்டும்," என்றார் அவர்.

ஊர் அதற்குள் பழகத் தொடங்கிவிட்டது. மூன்றே நாளில் வீட்டுக்கு வீடு கட்டிலின் கிழக்குக் கால்களுக்கு அரைச் செங்கல் வந்துவிட்டது. தோசைக்கல்லில் மாவு கிழக்கே ஓடி, ஒரு ஓரம் ஊத்தப்பமாகவும் மறு ஓரம் முறுகலாகவும் வரவே, ஒரே தோசையில் பல்லில்லாத மாமனாரையும் பல்லுள்ள மருமகனையும் திருப்திப்படுத்தலாம் என்று பெண்கள் கண்டுகொண்டார்கள். செருப்புத் தைக்கிற சூசை, வடக்கே நடக்கும்போது தாழ்கிற வலது காலுக்குத் தடித்த அடி வைத்துச் செருப்புச் செய்து கொடுத்தார். தெற்கே திரும்பி வரும்போது என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். அப்படியே மாற்றி மாட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள், இந்த ஊரில் பாதிப்பேர் செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறார்களே, பெண் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள்.

சைக்கிளில் கிழக்கே போகிறவர்கள் பெடலை மறந்துபோனார்கள். மேற்கே வருகிறவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததில் கதை பேச நேரம் கிடைத்து, பத்து வருசமாகப் பேசாத இரண்டு பங்காளிகள் ராசியாகிவிட்டார்கள். தென்காசி பஸ் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் தூங்குகிற பயணிகள் அத்தனை பேரும் கிழக்கே சாய, ஜன்னலோரத்தில் இருந்த நூலகர் கோமதியின் தோளில் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தினமும் தூங்கியபடி வந்து, ஆவணியில் அவளையே கட்டிக்கொண்டார். தேரோட்டத்தன்று வடம் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. நிலையிலிருந்து தேர் தானாகக் கிளம்ப, ஊர் மொத்தமும் பின்னால் வடத்தைக் கட்டி, "மெதுவா, சாமி, மெதுவா" என்று இழுத்துப் பிடித்துக்கொண்டே போனது. சந்தைக்கு வெளியூர் போய் வந்தவர்கள் முகத்தைச் சுளித்து, "என்ன ஊர்களோ, எல்லாம் கோணல். ரெண்டு எட்டு நேரா வைக்க முடியலை" என்றார்கள்.

ஆவுடைத்தங்கத்தின் கணவர் போனில் கேட்டார். "ஊரு சாஞ்சிட்டாமே?"

"ஆமா."

"நம்ம பீரோக் கதவு முன்ன மூடாதே, இப்ப மூடுதா?"

"மூடுது."

"அப்ப நல்லதுதான்," என்று வைத்துவிட்டார்.

தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து, எலுமிச்சம்பழம் ஒன்றைத் தரையில் வைத்து, அது கீழக்கடைசித் தெருவரைக்கும் உருண்டு போவதைப் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தார். பிறகு அறிக்கை எழுதினார்: ஊர் சாய்ந்திருப்பது நேரில் கண்டறியப்பட்டது, பதிவேட்டிலுள்ள படத்தோடு ஒப்பிட்டதில் இரண்டும் ஒத்துப்போகின்றன, எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை. எழுதி முடித்துத் தலை சுற்றுகிறதென்று ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருந்தால் ஊர் சாய்ந்தபடியே பேரன் பேத்தி எடுத்திருக்கும். தண்ணீர்தான் குறுக்கே வந்தது.

கொக்கராங்குளத்துக் குளம் ஊருக்கு மேற்கே. மடை திறந்தால் வாய்க்கால் மேலத்தெரு வயல்களைச் சுற்றி, நடுத்தெரு வயல்களை நனைத்து, கீழக்கடைசி வருவதற்குள் மேடு ஏற முடியாமல் நின்றுவிடும். நாற்பது வருசமாக அப்படித்தான். குடிதண்ணீர்க் குழாயும் அதே மாதிரி; கீழக்கடைசியில் குழாய் இருந்தது, திறந்தால் காற்று வந்தது. அந்தத் தெருவின் வேலம்மாள், நூறு நாள் வேலைக்கு மேஸ்திரி, மாதம் ஒருதரம் ஆபீசுக்கு வந்து மனுக் கொடுப்பாள். "இந்தா தாயி, இந்த மாச மனு," என்பாள். ஆவுடைத்தங்கம் வாங்கி வைப்பாள். அந்த மனுக்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன.

ஊர் சாய்ந்த நாலாம் நாள் வாய்க்கால் தண்ணீர் மேடு என்று ஒன்று இருந்ததையே மறந்து கீழக்கடைசிக்கு ஓடிவந்தது. குழாயில் பீய்ச்சி அடித்தது. வேலம்மாள் முதல் குடத்தைப் பிடித்து, குடிக்காமல், தலையோடு ஊற்றிக்கொண்டு தெருவில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த வருசம் அந்தத் தெருவார் குத்தகை நிலத்தில் முதல்முதலாக நெல் நட்டார்கள். அதே நேரம், கோபுரத்துக்கு மேலே உயர்ந்துபோன மேலத்தெருவில் குழாய்கள் விக்கின. ஆடி பிறந்ததும் வற்றின. பிரமநாயகத்தின் மூன்று மாடிக்கும் கீழக்கடைசியிலிருந்து குடத்தில் தண்ணீர் ஏறியது, அதுவும் ஏற்றத்தில்.

தலைவருக்கு உயரம் கசந்தது. ஆவணி முதல் ஞாயிறு கூட்டம் போட்டார். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை மேற்கே போட்டால் பேச்சு முடிவதற்குள் கிழக்கே சேர்ந்துவிடும் என்பதால் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"படத்தை மாத்தி எடுத்து அனுப்பினா ஊரு நேராயிடும். இதுல யாருக்கும் ஆட்சேபனை இருக்கா?" என்றார் பிரமநாயகம்.

வேலம்மாள் எழுந்தாள். "எனக்கு இருக்கு. நாப்பது வருசமா எங்க தெருவுக்கு ஊரு கோணலாத்தான் இருந்துது. அப்பல்லாம் இங்கன ஒருத்தரும் கூட்டம் போடலையே? இப்பந்தான் எங்களுக்கு நேராயிருக்கு."

கூடத்தில் கூச்சல் எழுந்தது. அதை நிறுத்தியது கொத்தனார் மாசானம். ஊர் சாய்ந்த நாள் முதல் தளம் மட்டமா என்று பார்க்கிற ரசமட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறவர். எங்கே வைத்தாலும் அதன் குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்வதை வருத்தத்தோடு பார்ப்பவர். "வேலம்மா சொல்லுதது நியாயம்தான்," என்றார். "ஆனா குளத்துக் கரையைப் பாத்தியளா? தண்ணி பூரா கரைமேல சாஞ்சி நிக்கி. இப்பவே கசியுது. ஐப்பசி மழை ஒண்ணு அடிச்சா கரை தாங்காது. ஒடைஞ்சா, முதல்ல போறது கீழக்கடைசிதான்."

வேலம்மாள் மெதுவாக உட்கார்ந்தாள். நட்ட நெல்லும், நட்டவர்களும், ஆடும் கோழியும் அவள் கண் முன்னால் ஒருமுறை மிதந்து போயிருக்க வேண்டும்.

"கேட்டியாம்மா ஆவுடை?" என்றார் தலைவர். "மழைக்கு முன்னால நேரா ஒரு படம். இல்லைன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பாக்க வேண்டியதாயிடும்."

பதினாலு வருசத்தில் முதல்முறையாக ஆவுடைத்தங்கம் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். விட்டுவந்த மத்தியான வகுப்பைக் கேட்கப் போனாள்.

பயிற்சியாளர் ஜெசிந்தாவுக்கு இருபத்துநாலு வயது. ஆவுடைத்தங்கம் நீட்டிய படத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊர் சாய்ந்த கதையைக் கேட்டபோது சிரிக்கவில்லை. "இருக்கும் மேடம். ஒரு பஞ்சாயத்துல தலைவரைக் கொடிக்கம்பத்துக்கு முன்னாடி நிறுத்தி எடுத்துட்டாங்க. படத்துல அவர் தலையிலேர்ந்து கம்பம் முளைச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப பாவம், வாசப்படில குனிஞ்சு போறார்," என்றாள்.

பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், இரண்டு கை விரல்களையும் சட்டம்போல் மடக்கிக் காட்டி, அதற்குள் ஒரு வேப்பமரத்தை வைத்தாள்.

"நட்டநடுவுல வச்சா மரம் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிக்கும். சட்டத்தை நெடுக்கயும் குறுக்கயும் மூணு மூணாப் பிரிச்சுக்கோங்க. கோடு கோட்டை வெட்டுற இடத்துல வைங்க. இப்பப் பாருங்க, மூச்சு விடுது. வானமும் தரையும் சேர்ற கோட்டையும் நடுவுல போடாதீங்க. வானம் முக்கியம்னா கோட்டைக் கீழ இறக்குங்க, தரை முக்கியம்னா மேல ஏத்துங்க. ஆள் இருந்தா, அவர் எந்தப் பக்கம் பாக்கறாரோ அந்தப் பக்கம் இடம் விடுங்க. மூஞ்சிக்கு முன்னாடி செவுரு வச்சா யாருக்குமே பிடிக்காது."

ஆவுடைத்தங்கம் மனுத்தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"அமுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும் மேடம். நாலு ஓரத்தையும் கண்ணால ஒரு சுத்து சுத்தி வாங்க. நாம நடுவுல இருக்கறதைத்தான் பாப்போம். தப்பெல்லாம் ஓரத்துலதான் நடக்கும். உங்க விரல் மாதிரி."

"கோடு கண்டிப்பா நேராத்தான் இருக்கணுமா, டீச்சர்?"

ஜெசிந்தா யோசித்தாள். "நேரா இருக்கறது நல்லது. சாய்க்கணும்னா சாய்க்கலாம். ஆனா வேணும்னு சாய்க்கணும். தெரியாம சாயக் கூடாது."

எட்டு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேரும்வரை ஆவுடைத்தங்கம் அந்த ஒரு பேச்சையே மென்றுகொண்டு வந்தாள்.

அடுத்த பதினைந்து நாள் ஊரெல்லாம் கேமராவோடு திரிந்தாள். பதிவேட்டில் ஏறாத படம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. அவள் தெருவில் வருகிறாள் என்றால் தலை வாரினார்கள், சண்டையை நிறுத்தினார்கள், கிழிந்த வேட்டியைத் திருப்பிக் கட்டினார்கள். "காலோட சேத்து எடு தாயி, முட்டியோட வெட்டிராத" என்று கும்பிட்டார்கள். காய்கறிக் கடைக்காரர் அழுகிய தக்காளியைத் தனியாக எடுத்துப் போட்டார். எடுத்த படங்களை ஆபீசில் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஆடு நடுவில் நிற்பதற்கும் ஓரமாக நின்று புல்லைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு படத்திலும் முதலில் ஓரங்களைப் பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தெரிந்தது. எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் கீழக்கடைசித் தெரு ஓரத்திலேயே விழுந்தது. பதினாலு வருசமாக அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தாலும் அது ஜன்னலின் ஓரத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கக் கதவை வெயில் அடிக்கிறதென்று அவளே சாத்தி வைத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் குளத்துக்கரைக்கு மாசானத்தையும் வேலம்மாளையும் வரச்சொன்னாள். கரையடியில் கசிவு ஈரம் பாய் விரித்ததுபோல் படர்ந்திருந்தது.

"மாசானம் அண்ணாச்சி, ஊரு முழு நேராயிட்டா வாய்க்கால் தண்ணி கீழக்கடைசிக்கு வருமா?"

"வராது."

"முழுசாச் சாஞ்சே இருந்தா?"

"கரை நிக்காது."

"அரைகுறையா சாஞ்சா?"

மாசானம் ரசமட்டத்தை எடுத்தார். கரைமேல் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, அடியில் ஓலைத்துண்டைச் செருகியும் உருவியும் வெகுநேரம் குமிழியோடு பேசிக்கொண்டிருந்தார். "இந்தக் குமிழி கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கணும். தாண்டக் கூடாது. அந்த அளவுக்குச் சாஞ்சா கரையும் நிக்கும், தண்ணியும் மேட்டைத் தாண்டிரும். மேலத்தெருக் குழாயிலயும் வரும், கொஞ்சம் மெலிசா."

"வேலம்மக்கா, நீங்க என்ன சொல்லுதிய?"

வேலம்மாள் கசிகிற மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்தாள். "பீய்ச்சி அடிக்கணும்னு எனக்கு என்ன ஆசை? தெரு முனைக்கு வந்தாப் போதும். மிச்சத்தை நாங்க குனிஞ்சி எடுத்துக்கிடுதோம்." பிறகு அவளையே பார்த்து, "தலைவருக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிருமே தாயி?" என்றாள்.

ஆவுடைத்தங்கம் அதைத்தான் பதினைந்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். பிரமநாயகம் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அனுப்ப முடியாது. அவர் பார்த்தால் முதலில் எதைப் பார்ப்பார்? அன்றைக்கு, ஊர் சாய்ந்த வியாழக்கிழமை, என்ன கேட்டார்? எங்க வீடு எங்கன இருக்கு என்றுதான் கேட்டார்.

புரட்டாசி கடைசியில், மேகம் கூடத் தொடங்கிய ஒரு சாயங்காலம் நாள் குறித்தாள். "அண்ணாச்சி, இந்தத் தடவை படத்துல நீங்களும் இருக்கணும். தலைவர் இல்லாம ஊர்ப்படம் எப்படி?" என்றாள். பிரமநாயகம் சலவை வேட்டி கட்டி, மீசைக்கு மை போட்டு வந்தார். கோயில் கோபுரத்துக்கு நேராக, நட்டநடுவில் நிற்பேன் என்றார்.

"நடுவுல நின்னா கோபுரம் உங்க தலையில முளைச்ச மாதிரி இருக்கும், அண்ணாச்சி. அப்புறம் வாசப்படில குனிஞ்சு போகணும்."

அவர் அவசரமாக நகர்ந்தார். தொட்டிக்குப் பக்கத்திலிருக்கிற பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டைமாடியில், மேற்கே ஒதுங்கி, கோடு கோட்டை வெட்டுகிற இடத்தில் அவரை நிறுத்தினாள்.

"எங்கன பாக்க?"

"கெழக்க பாருங்க. முகத்துக்கு முன்னால நிறைய இடம் விட்டிருக்கேன்."

அவர் கிழக்கே பார்த்தார். அவர் முகத்துக்கு முன்னால் விட்ட அந்த இடம் முழுக்கக் கீழக்கடைசித் தெரு இருந்தது.

மேல்நிலைத் தொட்டி ஏணியில் கடைசிப் படிவரை ஏறி, தொட்டியைச் சுற்றியிருக்கிற நடைமேடையில் இரண்டு காலையும் அகட்டி நின்றாள். கேமராவின் தலையில் மாசானத்தின் ரசமட்டத்தை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். ஊர் முழுக்கக் கீழே வந்து நின்றது. மேலத்தெருக்காரர்கள் "நேரா, நேரா" என்று கத்தினார்கள். கீழக்கடைசிக்காரர்கள் சத்தமில்லாமல் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் வானத்தை ஒரு பங்காக மேலே ஏற்றி, மண்ணுக்கு இரண்டு பங்கு கொடுத்தாள். குளம் வந்தது, கோயில் வந்தது, வாய்க்கால் மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு ஒரு கோடாக ஓடியது. பிறகு ஓரம். மேல் ஓரம், வலது ஓரம், கீழ் ஓரம், கடைசியாக இடது ஓரம். அங்கே கீழக்கடைசியின் கடைசி வீடு, அது வேலம்மாளுடைய வீடு, பாதி வெட்டுப்பட்டு நின்றது. ஆவுடைத்தங்கம் கம்பிவேலியில் முதுகு அழுந்தப் பின்னால் போனாள், பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தாள், வீடு முழுசாக உள்ளே வந்து, வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடும் வந்து, அதற்கப்புறமும் கொஞ்சம் மண் தெரிந்தது. குமிழியைப் பார்த்தாள். நேராக நின்றது. கையை ஒரு மயிரளவு சாய்த்தாள். குமிழி கோட்டைத் தொட்டது. இந்தத் தடவை கண்ணை மூடாமல் அமுக்கினாள்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் பிரமநாயகம் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். ஆவுடைத்தங்கம் தன் நெஞ்சு அடிப்பது அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

"ஏம்மா, இது நானா?"

"நீங்கதான், அண்ணாச்சி."

"ரொம்பத் தூரமா எதையோ யோசிக்க மாதிரில்லா இருக்கேன்." மீசையைத் தடவிக்கொண்டார். "ஊரு நேரா இருக்குல்லா?"

"நீங்களே பாருங்களேன்."

அவர் மறுபடி தன்னையே பார்த்தார். "நல்லாருக்கு," என்று கையெழுத்துப் போட்டார். திருத்தத்துக்கான காரணம் என்று கேட்ட கட்டத்தில் ஆவுடைத்தங்கம், முந்தைய படத்தில் எழுத்தரின் விரல் விழுந்துவிட்டது என்று எழுதி அனுப்பினாள்.

விடிந்தபோது கொக்கராங்குளம் எருமை மாதிரி இன்னொருதரம் புரண்டு நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை; எவருக்கும் தெரியாத அளவுக்கு ஒரு சாய்வு மிச்சம் இருந்தது. பால் வரிசையில் நின்றவர்கள், பழக்கம் விடாமல் ஒரு காலை மடக்கியே நின்று, இரண்டொருவர் மேற்கே விழுந்தார்கள். சூசை தடித்த அடியைப் பிரித்து எடுத்தார். ரேஷன் கடைக்கு மேலிருந்த நிழல் போய்விட்டதால் பந்தலைப் பிரித்தது யார் என்று மனு வந்தது. ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது, கரை நின்றது, தண்ணீர் வாய்க்கால் வழியே மேட்டை மெல்ல ஏறித் தாண்டி, கீழக்கடைசித் தெரு முனைக்கு வந்தது. மேலத்தெருக் குழாய்களில் சுண்டுவிரல் கனத்துக்கு விழுந்தது. நேராகிவிட்ட ஊரில் இவ்வளவுதான் வரும்போலிருக்கிறது என்று அவர்கள் நம்பிக்கொண்டார்கள்.

பிரமநாயகத்துக்கு மட்டும் ஒரு சங்கடம். எங்கே நின்றாலும், என்ன பேசிக்கொண்டிருந்தாலும், கழுத்து கிழக்கே திரும்பிக்கொண்டது. மாடியில் காப்பி குடித்தாலும் கீழக்கடைசி. தாடி மழித்தாலும் கீழக்கடைசி. முதல் வாரம் சுளுக்கு என்று எண்ணெய் போட்டார். இரண்டாம் வாரம் அந்தத் தெருவின் பாலம் உடைந்திருப்பதையும், பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுவதையும் பார்த்தார். மூன்றாம் வாரம் வேறு எதையும் பார்க்க முடியாததால், அந்தப் பாலத்தைப் பார்க்கச் சகிக்காமல், கட்டிக் கொடுத்தார். வேலம்மாள் பாலம் கேட்டு எழுதிய அந்த மாத மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டி முடித்த பாலத்துக்கு இனி எதற்கு மனு என்று திரும்பிப் போனாள்.

கார்த்திகையில் ஒருநாள் பகல், ஆபீசில் யாருமில்லாத நேரம் பார்த்து பிரமநாயகம் வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகம் ஆவுடைத்தங்கத்தைப் பார்க்க முயன்று, முடியாமல், கிழக்கு ஜன்னலைப் பார்த்தது. அந்த ஜன்னல் இப்போது திறந்து கிடந்தது.

"படம் சாஞ்சிருக்கு. இல்லையா?"

ஆவுடைத்தங்கம் பேனாவை மூடி வைத்தாள். "ஆமா, அண்ணாச்சி."

"தெரியாம சாஞ்சிட்டா?"

ஆமாம் என்று சொன்னால் பதினாலு வருசத்து வேலை தப்பும்.

"இல்ல. வேணும்னுதான் சாய்ச்சேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே கீழக்கடைசியில் யாரோ பெயர் சொல்லி யாரையோ தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுகிற சத்தம் வந்தது.

"அந்தப் படத்தைப் பெருசாப் போட்டு வீட்ல மாட்டினேன்," என்றார். "மாட்டையிலதான் கண்டுபிடிச்சேன். சட்டத்தை நேரா வச்சா குளத்துத் தண்ணி சாஞ்சி நிக்கி. நேரே இங்க வந்து உன் சீட்டைக் கிழிச்சிரணும்னு எந்திச்சேன். எங்க வீட்டம்மா வழிமறிச்சிட்டா. முப்பது வருசத்துல நீங்க மனுசன் மாதிரி இருக்க படம் இது ஒண்ணுதான், இதைப்போய் மாத்தப்போறியளான்னு கேக்கா."

"வேற படம் எடுத்துத் தாரேன், அண்ணாச்சி."

"எடுத்தா இதே மாதிரி வருமா?"

"சொல்ல முடியாது."

பிரமநாயகம் பெருமூச்சு விட்டு எழுந்தார். கதவுவரை போனவர், அவளுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"ஆணியைப் பிடுங்கி ரெண்டு விரக்கடை தள்ளி அடிச்சிட்டேன். சட்டம் கோணலாத் தொங்குது. ஊரு நேரா இருக்கு," என்று சொல்லிவிட்டு, கழுத்து கிழக்கே திரும்பியிருக்க, மேற்கே வீட்டை நோக்கி நடந்து போனார்.